மணி அடித்ததா?

எண்பதுகளில் டில்லியில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு ஹாங்கரில் நான் ரெக்கார்டு கிளார்க். இன்ஜினின் தீ எச்சரிக்கையைச் சோதிக்கும் மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். குட்டையான மதுரைக்காரர். சூட்டிலேயே பழகியதில் முன்கைகளில் ஒரு ரோமம்கூட மிஞ்சவில்லை. பதிலுக்குக் காத்திருக்கும்போது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் ஆள் குறைவு. என்னை விமானி இருக்கையில் உட்காரவைத்தார். கீழே அவர் இன்ஜினுக்குள் ஓடும், தீயை உணரும் கம்பியைச் சூடாக்குவார். மேலே மணி அடித்தால் நான் சொல்ல வேண்டும். இந்த மகத்தான பொறுப்புக்கு நான் ஒரு நாவலோடு போயிருந்தேன்.

"சார், மணி அடிச்சுதா?"

கதாநாயகி அப்போதுதான் விஷக் கிண்ணத்தை எடுத்திருந்தாள். "அடிச்சுது, அடிச்சுது!" என்றேன்.

ஏணியேறி வந்தார். கையிலிருந்த சூடேற்றும் கருவியின் பிளக் வெறுமனே தொங்கியது.

"இன்னும் சூடே வைக்கலை சார். முதல்ல மேலே இருக்கறவங்க காதைச் சோதிச்சுக்குவேன். சாயங்காலம் இதுல ஜனங்க ஏறணும்ல?"

குரலில் கோபமே இல்லை. என்னை எழுப்பிவிட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த சேலத்துக் கூலிக்காரம்மாவை உட்காரவைத்துக் கீழே போனார்.

"அடிச்சுதாம்மா?"

"இல்லீங்கண்ணா."

"இப்ப?"

"அதான் இல்லைங்கறேன்ல!"

பிறகு மணி அலறியது. "ஐயோ, அடிக்குதுங்கண்ணா!"

"அச்சா" என்றார்.

விமானி அறை வாசலில் நின்ற எனக்கும் இந்த முறை கேட்டது. படிவத்தில் மணியைக் கேட்டவர் கையெழுத்திட வேண்டும். கூலியாட்கள் கையெழுத்து செல்லாது. மேலே வந்து பேனாவை என்னிடம் நீட்டினார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு.

நான் போட்டேன். அவர் அப்போது என்ன பதிலுக்குக் காத்திருந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.