பால் திரியவில்லை, ஸ்டெல்லா!

போன மாதம் ஒரு காலை, எங்கள் தாம்பரம் வீட்டில் ஒரு பாக்கெட் பால் அநியாயமாக சிங்க்கில் போனது.

என் மனைவி ஸ்டெல்லா காபியை ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். “பால் திரிஞ்சிடுச்சுங்க!” மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட் காய்ச்சி மறுபடி காபி போட்டாள்... அதுவும் புளித்தது. எல்லாப் பாலுமா ஒரே நாளில் கெட்டுப்போகும்?

குற்றவாளி பால் இல்லை. என் மச்சினன் எபி கொடுத்த காபித்தூள்.

எபி ஸ்டெல்லாவின் தம்பி. கேளம்பாக்கத்தில் பார்த்த நல்ல ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கோவிலம்பாக்கத்தில் சின்ன ஷெட் ஒன்றைப் பிடித்து காபிக்கொட்டை வறுக்கிறான். அதில் ஸ்டெல்லாவுக்குக் கோபம்; வெளியாட்களிடம் அவன் பேச்சையே எடுக்க மாட்டாள். எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. காபி ஸ்டால் ஸ்டெல்லாவின் பொறுப்பு. அந்த ஆர்டர் கிடைத்தால், அவனுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். அதற்குத்தான் இந்த சாம்பிள்!

போன் போட்டதும் ஓடி வந்தான். “ஐயோ அக்கா, இது லைட் ரோஸ்ட், கம்மியா வறுத்தது. இதுல போய் பால் ஊத்தி, சர்க்கரை போடுவாங்களா?”

“பின்ன காபியை வேற எப்படிடா குடிப்பாங்க?”

நியாயமான கேள்விதானே!

வெறும் வெந்நீரில் அவனே போட்டுக் கொடுத்தான். பயந்துகொண்டே குடித்தேன். கமலா ஆரஞ்சு மாதிரி லேசான புளிப்பு, பின்னாலேயே ஒரு தித்திப்பு. நன்றாகவே இருந்தது.

“ஏற்காடு கொட்டை மாமா. உயரத்துல, குளிர்ல மெதுவா பழுக்கும். அதான் இந்தப் புளிப்பு. கம்மியா வறுத்தா ஊர் தெரியும். கருக வறுத்தா தீதான் தெரியும்.”

இத்தனை வருடம் நான் குடித்தது தீயைத்தான் போலிருக்கிறது... சிக்கரியோடு!

ஸ்டெல்லா மசியவில்லை. “தம்பிங்கிறதுக்காக சர்ச்ல புளிச்ச காபி குடுக்க முடியாது” என்றுவிட்டாள். எபியின் முகம் வாடிப்போனது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆனால் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஏற்காடு கொட்டையை இன்னும் கொஞ்சம் வறுத்து, கருகுவதற்கு முன்னால் நிறுத்தினான். திடத்துக்கு வயநாட்டு ரோபஸ்டா கொட்டை கொஞ்சம் சேர்த்தான். அடுத்த சனிக்கிழமை வந்து, அவனே பால் ஊற்றி ஆற்றி நீட்டினான். ஸ்டெல்லா டம்ளரைக் காலி செய்தாள். “ம்... இதையே கொண்டாந்துடு.”

நம் சரக்கு நல்ல சரக்கு என்று தெரிந்தால் மட்டும் போதுமா? குடிக்கிறவர் அதில் பால் ஊற்றுவார் என்பதும் தெரிய வேண்டாமா?

பண்டிகையன்று ஸ்டாலில் நல்ல கூட்டம். ஒரு டீச்சர் இரண்டாவது தடவை கப்பை நீட்டினார். “எந்தக் கடைத் தூள், ஸ்டெல்லா?”

“கடையா? எங்க எபி வறுத்தது!”

வேலையை விட்ட பிறகு அவன் மறுபடி ‘எங்க எபி’ ஆனது அன்றைக்குத்தான்.