விழப்போகிற மாடு

சிறுவர் புத்தகங்களுக்கு மிருகம் வரைகிறவள் என்றால், காட்டுக்குள் போய் யானையை நேரில் பார்த்து வரைகிறவள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் யானையைக் கண்ணால் கண்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான். அதற்குள் கூட்டம் கூட்டமாக யானை வரைந்து முடித்திருந்தேன். சிங்கத்துக்கு எங்கள் தோட்டத்து நாய் உடம்பு கொடுத்தது, பிடரியை நான் கொடுத்தேன். புலிக்குப் பக்கத்து வீட்டுப் பூனை. ஒட்டகத்துக்கு மட்டும் யாரும் அகப்படவில்லை. மாட்டுக்கே முதுகில் ஒரு மேட்டை வைத்துக் கழுத்தை இழுத்துவிட்டேன். பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, அவர்களும் ஒட்டகத்தைப் பார்த்ததில்லை.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை. பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் தேவாரம், நடுவில் என் பிள்ளைகள். கத்தி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததால் சுவரில் படம் வரைந்து பாடம் நடத்தினேன். நான் ஓவியக்காரி ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, என் தொண்டை சின்னது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. எங்கள் பக்கத்தில் தேயிலை அரைக்கிற தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். தேயிலை அனுப்புகிற மரப்பெட்டிகளை அடிக்கும் தச்சர் அவர். பெட்டிக்குள் விரிக்கிற தாளில் கிழிந்துபோனதைக் கேட்டு வாங்கி வந்து கொடுப்பார். பெட்டியின் மேல் எழுத்து அடிக்கிற கறுப்பு மையின் அடிவண்டலும் கிடைக்கும். அதனால் என் ஆரம்ப கால மிருகங்களில் காக்காயும் எருமையும் கரடியும் அதிகம். "எப்பப் பாத்தாலும் எருமையே வரையிறியே, என்னைய மனசுல வச்சுக்கிட்டா?" என்று கேட்பார். ஆமாம் என்றுதான் சொல்வேன். பிறகு அட்டன் கடைத்தெருவிலிருந்து ஒரு வர்ணப் பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பிள்ளைகள் படித்த வாசிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பனைமரம் இருந்தது, தோணி இருந்தது, வயல் இருந்தது. வயல் நடுவே கொழுத்த மாடு ஒன்று நின்றது. "டீச்சர், தோணின்னா என்னாங்க?" என்று கேட்பார்கள். விளக்குவேன். மறுநாளும் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தேயிலைக்கு வந்த எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்று அரசாங்கமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. புத்தகம் அச்சடித்தவர்களைக் குறை சொல்லி என்ன? ஆனாலும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரே ஒரு தடவையாவது ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறந்து, தனக்குத் தெரிந்த ஒன்றை அதில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் என் சுவர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, கொழும்பில் தமக்குத் தெரிந்த அச்சகக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிறு பிள்ளைகளுக்காகப் புதிய வாசிப்புப் புத்தகம் போட இருந்தார். மிருகங்களை வரைந்துகொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் சமையலில் உப்பு இருந்ததா இல்லையா என்று வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

படங்களைப் பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ரயில் ஏறினோம். அச்சகக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். முதல் படத்தை எடுத்தார். மாடு. பார்த்தார். தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார். தலையையும் கொஞ்சம் சாய்த்தார். அடுத்து முயல், அதையும் சாய்த்தார். யானை, சிங்கம், ஒட்டகம் எல்லாவற்றையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கழுத்து நோகுமே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. உங்கட மிருகமெல்லாம் ஏன் சறுக்குது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இந்த மாடு விழப்போகுது போல கிடக்கு. மாட்டை நிமிர்த்தினால் மரம் சரியுது. மரத்தை நிமிர்த்தினால் மாடு சரியுது. நான் எதைப் பிடிக்கிறது?"

அப்போதுதான் பார்த்தேன். அத்தனை வருஷமாக வரைந்தவள் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மிருகம் ஒன்றுகூடச் சமதரையில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கி, பள்ளத்துப் பக்கத்துக் கால் நீண்டு, உடம்பு மலையோடு சாய்ந்திருந்தது. பாலைவனத்து ஒட்டகம்கூடக் வேலை வாங்குகிற கங்காணி விரட்டினாற்போல மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறியது. குளத்து மீனும் மேல்நோக்கித்தான் போயிற்று. பிறந்ததிலிருந்து நான் பார்த்த மாடு, ஆடு, நாய் எல்லாமே சரிவில் நின்றவை. மிருகம் என்றால் அப்படித்தான் நிற்கும் என்று என் கை முடிவு கட்டியிருந்தது, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

பெரியவர் நல்ல மனிதர். கை நன்றாக இருக்கிறது என்றார். மட்டமான தரையில் நிற்கிற மாதிரி எல்லாவற்றையும் திருப்பி வரைந்து, பள்ளி விடுமுறை முடிவதற்குள் கொண்டுவந்தால் போடுவாராம். இல்லையென்றால் மெட்ராஸிலிருந்து வந்த பழைய அச்சுப் பிளாக்குகள் அவரிடம் இருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரயிலில் வட்டவளை தாண்டும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, "அந்தா பாரு, ஒரு மாடு விழப்போகுது" என்றார். மலையில் ஒரு மாடு சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதாவது, அவர் பார்க்கிறபோது பார்க்கவில்லை.

சரி, மட்டமான தரைக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் கடவுள் அதை அளந்துதான் வைத்திருந்தார். ஸ்டோருக்குள் மாட்டை விட மாட்டார்கள். ரயில் மேடை இருக்கிறது, ஆனால் கொட்டகலை முழுக்க வேடிக்கை பார்க்கும். மிஞ்சியது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புகிற இடம் அது. ஆட்கள் கொழுந்து பறிக்கப் போனதும் எங்கள் வீட்டுச் செவலை மாட்டை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன்.

மாடு திகைத்துவிட்டது. கீழே பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு நேராகக் களத்தின் ஓரத்துக்குப் போய், வரப்பின் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக அசைபோட ஆரம்பித்தது. நடுவுக்கு இழுத்து வந்தேன். மறுபடி ஓரத்துக்குப் போய்விட்டது. புல்லைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை வந்தார். அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதிகிறவர் அவர். பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான். மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சரம்மா, இதுக்கும் பேர் போடணுங்களா?"

"படம் வரையிறேங்க."

"நேரம் கழிச்சு வந்திருக்கு. அரைப் பேர்தான் போட முடியும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனார். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கச் சிரித்தது. எங்கள் மாட்டுக்கு 'அரைப் பேர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு விடுமுறை பூராவும் வரைந்தேன். புல்லுக்காக அது நடுக்களத்தில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் பார்த்து, மாட்டை மட்டமாக நிறுத்தி வரையக் கற்றுக்கொண்டு, அதை வைத்து மற்ற மிருகங்களையும் நிமிர்த்தினேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் தமது ரசமட்டத்தை எடுத்து, படத்து மாட்டின் காலடியில் வைத்துப் பார்ப்பார். "மாடு மட்டமாத்தான் இருக்கு. மாட்டுக்காரிதான் கோணிக்கிட்டு இருக்கா" என்பார்.

படங்கள் சுத்தமாக வந்தன. யாரும் கழுத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் யோசித்துவிட்டு, "நல்லா இருக்குங்க டீச்சர். எந்த ஊரு மாடுங்க?" என்றாள்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இந்தப் புத்தகத்தில் என் பெயர் வரும், என் மாடு வராது. இன்னொரு கொழுத்த மாட்டைத்தான் இந்தப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறேன். அதற்கு மெட்ராஸ் பிளாக்கே போதுமே, நான் எதற்கு? அவர் கேலி செய்யவில்லை. "பழைய மாட்டையும் எடுத்து வையி" என்றார்.

மறுபடி கொழும்பு. பெரியவர் புதிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இப்ப சரி, இப்ப எல்லாம் நிக்குது" என்று சந்தோஷப்பட்டார். நான் பழைய மாட்டை எடுத்து மேசையில் வைத்தேன். மற்றவை எல்லாம் அவர் சொன்னபடியே இருக்கட்டும், மாடு மட்டும் இதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். இது எங்கள் பிள்ளைகள் பார்க்கிற மாடு என்றேன், வேறு எந்தப் புத்தகத்திலும் இது இல்லை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, இது உங்கட தோட்டத்துக்கு மட்டும் போற புத்தகம் இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகுது. அங்கத்தைப் பிள்ளையள் மாடு விழுது எண்டு சிரிக்குங்கள்."

அதுவரை வாசலோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஐயா, சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டுங்க. எங்க புள்ளைங்க இத்தனை வருசமா தோணி படிக்குதுங்க. தண்ணியில எப்படிங்க மெதக்கும்னு அதுங்களும் சிரிச்சுக்கிட்டுதான் படிக்குதுங்க. ஒரு மாடுதானுங்களே. விழுந்தா நான் புடிச்சுக்கிறேன்."

பெரியவர் அவரைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மட்டமான மாட்டை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் என் வீட்டுக்காரரை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். நடுவில் அச்சுக்கோர்ப்பவர்கள் இருந்ததால் தப்பித்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் புத்தகக் கட்டு எங்கள் பள்ளிக்கு வந்தது. மூன்று பேருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் யானையைப் பார்த்தார்கள், திருப்பினார்கள். சிங்கத்தைப் பார்த்தார்கள், திருப்பினார்கள். ஒட்டகத்துக்குச் சிலர் கொட்டாவி விட்டார்கள். என் ஒட்டகத்துக்கு அது தகும்.

மாட்டுப் பக்கம் வந்ததும் ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான்.

"டீச்சர்! எங்க மாடு!"

"ஏய், அது எங்க மாடுடா" என்றான் பின்னால் இருந்தவன். "மேல் கணக்கு மலையில, தண்ணி புடிக்கிற பீலிக்கரையில நிக்குமே, அது!"

"இல்லீங்க டீச்சர், பொய் சொல்றான், கொம்பப் பாருங்க, அதுக்கு எங்க அம்மாவோட புல்லு அறுக்க நான்தாங்க போறேன்" என்றபடியே, முன்பு எந்த ஊரு மாடென்று கேட்ட அதே பெண் புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னொருத்தி அவள் சடையைப் பிடித்தாள். வாய்ப்பாடு நின்றது, தேவாரம் நின்றது. பெரிய வகுப்புப் பிள்ளைகளும் ஓடிவந்து, அது தங்கள் லயத்து வரிசை வீட்டு மாடு என்று கத்தினார்கள். தலைமை ஆசிரியர் பிரம்போடு எழுந்து என் பக்கம் பார்த்தார், என் வகுப்பாயிற்றே, நான்தானே அடக்க வேண்டும்?

அது எங்கள் வீட்டுச் செவலைதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் என் மாட்டுக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.