உட்கார்ந்தே வீட்டைச் சுற்றியவன்

என் மகன் இன்னும் நடக்கவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். என் அம்மா மட்டும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் திருச்சியிலிருந்து வீடியோ காலில் வருவாள். சாப்பிட்டானா, தூங்கினானா, சளி விட்டதா, அங்கே இன்னும் மழையா என்று எல்லாம் விசாரிப்பாள். பேரனை ராஜா, கண்ணு என்று கொஞ்சுவாள். நடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. மற்றவர்கள் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா கேட்காமல் போனை வைக்கும்போதுதான் பயம் வந்தது.

அப்போது நாங்கள் கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே தலைமை அலுவலகத்தில் வேலை. கல்யாணமான மறு வருடமே மாற்றலாகி வந்துவிட்டோம். பழைய கட்டடம், உயரமான கூரை, சிவப்பு சிமெண்டுத் தரை. அந்தத் தரையில் என் மகன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, தேய்த்துத் தேய்த்து வீடு முழுவதும் போவான். டவுசரின் பின்பக்கம் நைந்துபோகும். வேகமாகத்தான் போனான். சமையலறையில் நான் திரும்புவதற்குள் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருப்பான். ஆனால் எழுந்து நிற்க மாட்டான். கட்டில் விளிம்பைப் பிடித்து நிற்கவைத்தால் கால்கள் துணி மாதிரி மடிந்து உட்கார்ந்துவிடுவான். அக்குளைப் பிடித்துத் தூக்கி மெல்லத் தரையில் இறக்கினால், பாதத்தைத் தரையில் வைக்காமல் இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொள்வான். காற்றில் யாரோ நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி இருக்கும். என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். நான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

மேல் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை எல்லோரையும்போல நானும் பௌதி என்றுதான் கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். அவருடைய மகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே நடந்துவிட்டாளாம். என் மகனுக்கு ஒன்றரை வயது ஆனபோது மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார், "எக்கனோ ஹாண்டே நா?" இன்னும் நடக்கவில்லையா? இல்லை என்று தலையாட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, ஆண் பிள்ளைகள் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், ஒருநாள் பார், எழுந்து ஓடும் என்றார்.

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தைகளை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். என் எட்டு வயதில், எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அம்மாவிடம் பலர் அப்படியே சொன்னார்கள். அப்போது நடக்காமல் இருந்தது என் தம்பி.

தம்பி தாமதமாக நடந்தான். நடந்தவுடன் அம்மா பாயசம் வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். ஆனால் அவன் ஓடவே இல்லை. ஆடி ஆடி நடப்பான், சும்மா நிற்கும்போதே விழுவான். தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் முழங்காலில் கையை வைத்து, பிறகு தொடையில் வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழுவான். கெண்டைக்கால்கள் மட்டும் உருண்டு திரண்டு கெட்டியாக இருக்கும். விளையாட்டுக்காரன் கால் மாதிரி இருக்கிறதே என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். அது தசை கரையும் நோயின் அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது. பள்ளி முடிக்கும் முன்பே சக்கர நாற்காலி. கல்லூரி வயதில் மூச்சு நின்றது.

தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய் அது. அதன் கூறு அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் இருக்கலாம், எனக்கு இருந்தால் என் மகனுக்கும் வரலாம். வராமலும் போகலாம். கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு யாரு வாழ முடியும்?" என்றார். குழந்தை பிறந்த உடனேயே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர் கேட்கலாம். பார்க்காதவரை அது இல்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊரில் எந்த ஆண் குழந்தையையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகனை நான் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அம்மா கொல்கத்தா வந்தாள். கூப்பிட்டும் வராதவள், தானாகவே டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னாள். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கினாள். நான் இடுப்பில் மகனோடு நின்றிருந்தேன். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவனை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் இறக்கிவிடவே இல்லை. டாக்ஸியில் வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். அவன் நடக்காததைப் பார்க்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் அவனுக்கு எண்ணெய் தேய்த்தாள். நான் வெந்நீர் கொண்டுவந்து வைக்கும்போது பார்த்தேன். முதுகு, கை எல்லாம் மளமளவென்று தேய்த்தவள், கெண்டைக்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கட்டை விரலால் மெல்ல அமுக்கினாள். விட்டாள். மறு காலையும் அமுக்கிப் பார்த்தாள். அவன் கூச்சத்தில் சிரித்தான்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னது?"

"நானும் தெனம் அமுக்கித்தான் பாக்குறேன். எனக்குத் தெரியல. ஒருநாளு மெத்துன்னு இருக்கு, ஒருநாளு கெட்டியா இருக்கு. உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லு."

"எனக்கு என்னடி தெரியும்? உன் தம்பி காலையும் நான் இப்படித்தான் தேச்சேன். நல்லா இருக்குன்னுதானே நெனச்சேன்."

எண்ணெய்க் கையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளிடமிருந்து நழுவி, ஈரத் தரையில் தேய்த்துக்கொண்டே வாசல் பக்கம் போனான். அன்றே என் கணவரிடம் டாக்டருக்குப் போகலாம் என்றேன். அவரும் அதற்காகவே காத்திருந்தவர்போல, "நாளைக்கே போயிரலாம்" என்றார். சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது.

லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக் இருந்தது. என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி அனுப்பினார். அம்மாவும் கூட வந்தாள். தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கும் அறையில் எங்கள் மகனைவிடச் சின்னக் குழந்தைகள் தத்தித் தத்தி நடந்தன. ஒன்று வந்து அவன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அவன் அதன் பின்னாலேயே உட்கார்ந்தபடி நகர்ந்தான். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது.

டாக்டர் வயதானவர். என்ன பிரச்சினை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நடக்கவில்லை என்றேன். வேறு ஏதாவது பயம் உண்டா என்றார். வெளி ஆள் ஒருவரிடம் என் தம்பியைப் பற்றிச் சொன்னது அன்றுதான். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை என் கணவர் சொன்னார். டாக்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, மேசையைச் சுற்றி வந்து குழந்தையைத் தூக்கினார். தரையில் இறக்கப்போனபோது அவன் வழக்கம்போல இரண்டு காலையும் நீட்டிக் காற்றில் உட்கார்ந்தான்.

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும் என்றார். இடுப்பைப் பார்த்தார், கால்களை மடக்கி நீட்டினார், முட்டியைத் தட்டினார். கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து அவன் பிடிப்பதைப் பார்த்தார். இப்படி நகரும் குழந்தைகள் மற்றவர்களைவிட மாதக்கணக்கில் பிந்தித்தான் நடக்கும், இரண்டு வயதுகூட ஆகும், குடும்பத்தில் வேறு யாராவது இப்படி நகர்ந்ததுண்டா என்று கேட்டார். என் கணவர் அங்கேயே ஊருக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நம்ம வீட்ல யாராச்சும் உக்காந்துகிட்டே நகந்தாங்களா?"

ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் அறை முழுவதும் கேட்டது. "உங்க அக்காதான்! ரெண்டு வயசு வரைக்கும் தேச்சுக்கிட்டேதானே போவா. எதுக்குடா கேக்குற?"

எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனால் டாக்டர் அதோடு எங்களை அனுப்பவில்லை. "எனக்குப் பயமாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். என் வாய் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் தூங்க முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அந்த நோய் இருந்தால் நடக்கும் முன்பே அதில் தெரிந்துவிடும்" என்றார்.

ரத்தம் எடுக்கும்போது அவன் கத்திய கத்தலில் அம்மா வெளியே போய்விட்டாள். முடிவு வர மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு நாள்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. சோறு வைத்தேன், குழைந்தது. எங்கள் தெருப் பந்தலில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். என் மகன் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அறைக்கு அறை நகர்ந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் பத்து வயதில் எப்படி இருப்பான், பதினைந்தில் எப்படி இருப்பான் என்று மனம் ஓடியது. ஒவ்வொரு வயதிலும் என் தம்பியின் முகம்தான் வந்தது. குவார்ட்டர்ஸ் மாடிப்படிகளை எண்ணிப் பார்த்தேன், சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது என்று. அம்மா பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேண்டிக்கொள்ளக்கூடப் பயமாக இருக்கிறது, போன தடவை வேண்டிக்கொண்டேனே என்றாள்.

டாக்டரே போன் செய்தார். என் கணவர் அலுவலகத்தில் இருந்தார். எடுக்கத் தெம்பில்லாமல் போனை அம்மாவிடம் நீட்டினேன். ஆங்கிலம் புரியாத அம்மா அதைத் திருப்பி என் காதில் வைத்தாள். நார்மல் என்றார் டாக்டர். முற்றிலும் நார்மல். உங்கள் மகனுக்கு அந்த நோய் இல்லை. அடுத்த குழந்தை யோசிப்பதற்கு முன் நீங்கள் உங்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். இவனை விடுங்கள், நடக்கும்போது நடப்பான்.

அவனுக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பூஜை முடிந்தது, தீபாவளி வந்தது, அவன் நடக்கவில்லை. பரிசோதனை தப்பாக இருந்தால்? வேறு குழந்தையின் ரத்தத்தோடு மாறியிருந்தால்? மறுபடி டாக்டரிடம் போனேன். கோபித்துக்கொள்ளாமல் மறுபடி பார்த்தார். பிடித்துக்கொண்டு நிற்கத் தோதாகச் சாமான்களை உயரத்தில் வைக்கச் சொன்னார். சோபா மேல் கரண்டியை வைத்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு வேறு கரண்டி தேடிப் போனான்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு காலையில், ஊருக்குத் திரும்பாமல் எங்களோடேயே தங்கிவிட்ட அம்மா அவனை மேல் மாடிக்குக் கொண்டுபோயிருந்தாள். பௌதியோடு பாஷையே தெரியாமல் சிநேகமாகியிருந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே பௌதி அலறும் சத்தம். பிறகு அம்மாவின் சத்தம். விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பால்கனிக் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. ஈரத் துணியோடு படியேறினேன். பாதிப் படியில் செருப்பு கழன்று உருண்டது. கதவு திறந்தே இருந்தது.

"ஹாண்ட்சே! தேக்கோ, ஹாண்ட்சே!" என்று பௌதி கத்திக்கொண்டிருந்தார். நடக்கிறான், பார், நடக்கிறான்.

அவன் நடந்துகொண்டிருந்தான். கைகளைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, அகலக் கால் வைத்து, யாரையும் பார்க்காமல், ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்த பூனையை நோக்கிப் போனான். பூனை குதித்து ஓடியது. அவன் பொத்தென்று விழுந்தான். நான் தூக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் தானாகவே எழுந்து மறுபடி நடந்தான்.

இப்போது பள்ளிக்குப் போகிறான். மெட்ரோவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் பெரிய பாடு. ஓடுகிறான், சைக்கிள் விடுகிறான், விழுகிறான். இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் நானும் பரிசோதனை செய்துகொண்டேன். அது வேறு கதை.

அவன் நடந்த அன்று பௌதி எங்களைக் கீழே விடவில்லை. ஆளனுப்பி ரசகுல்லா வாங்கினார். அம்மாவின் வாயில் ஒன்றை வைத்து, "இனி என்ன மாஷிமா, சந்தோஷம்தானே" என்று இந்தியில் கேட்டார். மாஷிமா என்றால் சித்தி. அம்மா அதை விழுங்க முடியாமல் அழுதாள். பிறகு தமிழிலேயே பேசத் தொடங்கினாள். எனக்கு ஒரு மகன் இருந்தான் என்றாள். பௌதி என்னைப் பார்த்தார். நான் என் அரைகுறை இந்தியில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவன் நடந்தது, நடக்காமல் போனது, கடைசி வரை. அம்மா அவனைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படிப்பட்ட பையன் என்று கேட்டார்.

"சேட்டைக்காரன்" என்றாள் அம்மா. "நாற்காலியில உக்காந்துகிட்டே ஊர வம்புக்கு இழுப்பான். தபால்காரர் தொப்பிய வாங்கிப் போட்டுக்கிட்டுக் குடுக்கவே மாட்டான்."

சேட்டைக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கையை ஆட்டி ஏதோ சொன்னேன். பௌதிக்குப் புரிந்துவிட்டது. "ஓ, துஷ்டு!" என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. "என்னடி, துஷ்டன்னு சொல்றாங்க? எம்புள்ள துஷ்டன் இல்ல."

"அய்யோ, அதில்லம்மா. இங்க செல்லமா சொல்றதுதான். குறும்பு பண்ற புள்ளைய துஷ்டுன்னு கொஞ்சுவாங்க."

அம்மா அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பௌதியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அப்படின்னா சரி. ரொம்ப துஷ்டு."