கேட்டுப் பார்த்து நம்பியவர்

கடல் கடந்த தீவு ஒன்றில், ரோஸ் ஹில் என்ற ஊரின் ஆயத்த ஆடை ஆலையில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர் துரைசாமி. வருஷம் தொண்ணூற்றெட்டு. ஈமெயில் வந்த கையோடு குப்பைக் கடிதங்களும் வந்து குவிந்தன. பொய் முகவரியில் புளுகுகிற கூட்டத்தை மனுஷன் விடுவாரா? கடிதம் வந்தால், அனுப்பியவரின் சர்வரைக் கூப்பிட்டு, "இப்படி ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா?" என்று கேட்கும்படி செய்தார். இல்லையென்று பதில் வந்தால் கடிதம் வாசலோடு திரும்பிவிடும். குப்பை நின்றது. துரைசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரத்தில், ஆலையிடம் ஆடை வாங்கும் பிரான்ஸ் வியாபாரி ஒருவரின் கடிதமும் திரும்பிப் போனது. அவருடைய சர்வரைத் தப்பாக அமைத்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் இல்லையென்றது. முதலாளி குதித்த குதியில், துரைசாமி அந்த ஒரு சர்வருக்கு மட்டும் வழிவிட்டார்.

"மத்தவங்க கதி?" என்று அந்தத் தீவின் கிரியோல் மொழியில் கேட்டாள் பக்கத்து மேஜை ஜினெட்.

"நிஜமான ஆளா இருந்தா ஃபோன் பண்ணிக் கத்துவாங்க."

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா பூங்காவனம் இதய ஆபரேஷனுக்காகச் சென்னை போனாள். "என்னை உள்ளே கொண்டுபோறப்போ நீ கோவில்ல கற்பூரம் ஏத்தணும், துரை. அது போதும் எனக்கு" என்றாள் விமான நிலையத்தில். தேதியை ஃபோனில் சொல்வதாக அவள் கணவர் ஐயாசாமி சொன்னார். "ஃபோன் எதுக்கு மாமா? ஆஸ்பத்திரி ஆபீஸ்ல சொல்லி ஈமெயில் போடுங்க" என்று பெருமையாகச் சொன்னவர் துரைசாமியேதான்.

தினமும் பையில் கற்பூரத்தோடு வேலைக்குப் போனார். கடிதம் வரவில்லை. தேதி தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் ஃபோன்தான் வந்தது.

"போயிட்டா, துரை" என்று அழுதார் மாமா. "ரெண்டு தடவை எழுதச் சொன்னேனே, பார்க்கலையா?"

துரைசாமி அந்த ஆஸ்பத்திரி சர்வரைத் தானே கேட்டுப் பார்த்தார். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் இல்லையென்றது, பிரான்ஸ்காரருடையதைப் போலவே. கடிதத்தை ஏற்கவில்லை என்று இங்கிருந்து போன தகவலைக்கூட அது வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே கத்துவதற்கு யாருக்கு என்ன தெரியும்?

மாமா அஸ்தியோடு திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார் துரைசாமி. மாமா கோபப்படவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"ஸ்ட்ரெச்சர் வந்ததும் கேட்டா, துரை பதில் எழுதினானான்னு. எழுதிட்டான், இப்போ கோவில்லதான் நிக்கிறான்னு சொல்லிட்டேன்."

"அக்கா நம்பிச்சா, மாமா?"

"உடனே நம்பிட்டா. நீன்னு சொன்னா அவ எதைத்தான் கேட்டுப் பார்த்து நம்பினா?"

துரைசாமி சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.