வேலைக்கா, கலியாணத்துக்கா?

போன கிழமை புத்தளம் டவுனில் ஒரு கடைக்கு அபாயா வாங்கப் போனேன். போட்டுப் பார்க்க இடம் கேட்டேன். மூலையில் இருந்த அலுமினியப் பெட்டியைக் காட்டினார்கள். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கையை விரிக்க முடியாது. கண்ணாடிக்கு உள்பக்கம் பூப்போட்ட கடதாசி ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் பிடித்துவிட்டது அந்த மணம். அடைபட்ட வெக்கை, பழைய ரப்பர், யாரோ எப்போதோ பூசிய அத்தர். அட, இது டெலிபோன் பெட்டி அல்லவா! அபாயாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்று சிரித்தேன்.

"என்ன ராத்தா, சைஸ் சரியில்லையா?" என்று வெளியே நின்ற கடைப் பெண் கேட்டாள். சைஸும் சரியில்லைதான். அது வேறு கதை.

ஆளுக்கொரு போன் இல்லாத காலத்தில் சந்திக்குச் சந்தி 'கொமினிகேசன்' என்று ஒரு கடை இருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் இப்படியொரு பெட்டிக்குள் நின்று வியர்த்தவர்தானே. ரிசீவரைக் காதில் வைத்தால், முன்னால் பேசியவர் மத்தியானம் என்ன கறியோடு சாப்பிட்டார் என்று தெரியும். எங்களுக்கு மாம்புரிப் பக்கத்துச் சந்தியில் ஹமீது நாநாவின் கடை. அண்ணனைத்தான் நாங்கள் நாநா என்போம், அவர் ஊருக்கே நாநா. நல்ல மனிதர். வாய் மட்டும் ஓயாது. ஊரில் எல்லாருடைய கதையும் அவருக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டார் என்று சொல்லமாட்டேன், அதற்குத் தேவையே இருக்கவில்லை. சவூதியில் இருக்கும் புருஷனோடு பேச வந்த பெண்கள், கம்பி இல்லாமலே சவூதிவரை கேட்கிற மாதிரித்தான் பேசினார்கள்.

நாங்கள் தொண்ணூறில், போர்க்காலத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். வந்து பல வருஷமாகியும் அகதிக் கேம்பில் தென்னங்கிடுகு வீடுதான். கேம்பில் எவரிடமும் போன் இல்லை. அதனால் எந்த விண்ணப்பத்திலும் 'தொலைபேசி' என்ற இடத்தில் எல்லாரும் ஹமீது நாநாவின் நம்பரைத்தான் எழுதினோம். போன் வந்தால் கேம்புப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லிவிடுவார். பாண் கொண்டுபோகிறவர், மீன் கொண்டுபோகிறவர், யாராக இருந்தாலும் சரி. சேதி மீன் மணத்தோடு வந்து சேரும்.

நான் அப்போது ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா என்றால், சைக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டு, கண்ட பேரோடும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டு. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள வேலையொண்டு கிடைச்சாப் போ. கிடைக்கல்லண்டா வாயப் பொத்திக்கிட்டு, நாங்க காட்டுற மாப்புளைக்கு ஓமெண்டு சொல்லு."

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா பேசாமல் இருந்தால் உம்மா சொன்னதுதான் சட்டம்.

அந்த நேரம் புத்தளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் கேட்டிருந்தது. கேம்பு கேம்பாகப் போய் வீட்டுக்காரரோடு பேசி, என்ன குறை என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். எலுவன்குளம் வரைக்கும் போகவேண்டி வரும். சைக்கிள் ஓடத் தெரியவேண்டும், பிறகு மோட்டார் சைக்கிள் தருவார்கள். ஊரூராகப் போய்க் கதைப்பதற்குச் சம்பளமா! அல்லாஹ் என்னை மனதில் வைத்துத்தான் இப்படி ஒரு வேலையைப் படைத்திருக்கிறான் என்று நினைத்தேன். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு பின்னேரம் ஹமீது நாநாவே வீட்டுக்கு வந்தார். கடையை விட்டு அசையாத மனிதர், கையில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு வந்து, எங்களிடமிருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார். வேலைதான் என்று நினைத்தேன்.

"காக்கா, சந்தோசமான கதையொண்டு. உங்கட மகளக் கேட்டுப் போன் வந்திச்சு" என்றார் வாப்பாவிடம்.

"ஆரு?"

"டவுன்ல இருந்து பொம்புள ஒராள். மாப்புளட உம்மாவோ ராத்தாவோ தெரியா. கொழும்புப் பக்கத்து ஆக்கள் போல, தமிழ் கொஞ்சம் தடக்குது. பெரிய எடமாத்தான் இருக்கணும். புள்ளையப் பத்தி ஒண்டொண்டாக் கேட்டாங்க. நான் ஒரு குறையும் வெக்கல்ல. அவங்களே யோசிச்சிட்டுச் சொல்லுறமெண்டாங்க."

உம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, பெண் பார்க்க வருவார்கள் என்று வட்டிலப்பம் அவித்தார். பக்கத்து வீடுகளில் கதிரை இரவல் வாங்கினார். என்னைக் குளிப்பாட்டாத குறை. வெள்ளி போனது, சனி போனது, ஒருவரும் வரவில்லை. திரும்பப் போனும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வருகிறவர்களுக்கென்று வைத்த வட்டிலப்பத்தில் முக்கால்வாசியை நானே சாப்பிட்டேன்.

உம்மா அடுப்படியில் இருந்து அழுதார். "அகதிப் புள்ளையெண்டு தெரிஞ்சிருக்கும். அதான் விட்டுட்டாங்க" என்றார். அதைக் கேட்ட பிறகு மிச்ச வட்டிலப்பத்தை மூடிவைத்தேன்.

கொஞ்ச நாளில் பார்க்கிறேன், எங்கள் கேம்பு பரீனா தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் பழகுகிறாள். கோழி குறுக்கே ஓடினாலே கூச்சல் போடுகிற பரீனா! என் வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. நேர்முகப் பரீட்சைகூட நடந்து முடிந்திருக்கிறது. எனக்கு அழைப்பே இல்லை. பரீட்சைக்குக் கூப்பிட்டு, இருத்தி, கேள்வி கேட்டு, "நீ சரிவரமாட்டாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பரவாயில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்களே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாளே புத்தளம் பஸ் ஏறினேன். அந்தத் தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் இருந்தவர் சிங்கள மிஸ் ஒருவர். நல்ல மனுசி. நான் போட்ட சத்தத்துக்குத் தேத்தண்ணி தந்தார்.

"நாங்க கோல் எடுத்தது தானே? உங்க நாநா பேசினது."

"எனக்கு நாநாவே இல்ல, மிஸ். நாந்தான் வீட்டுல மூத்தவ."

"நாநா பேசுறேன் எண்டுதான் சொன்னது."

அவர் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். சில பிள்ளைகள் வேலைக்கு வந்து நாலு நாளில் வீட்டார் மறித்துவிடுகிறார்களாம். அதனால் முதலில் வீட்டில் கேட்டுக்கொள்வார்களாம். "நான் கேட்டது, தங்கச்சிய நாங்க எடுக்க யோசிக்கிறோம், எப்படி ஆள் எண்டு."

போனில் அந்த நாநா சொன்னதையும் சொன்னார். தங்கச்சி தலை நிமிர்ந்து நடக்காது. ஆம்பிளைகளோடு ஒரு வார்த்தை பேசாது. உம்மா இல்லாமல் வாசலைத் தாண்டாது. சைக்கிளா? தவ்பா, சைக்கிளைக் கண்டாலே பயம்.

"அதோட புரியாணி நல்லா ஆக்கும் எண்டும் சொன்னது. நான் அது கேட்கல்ல" என்றார் மிஸ்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையை 'எடுக்கிறோம்' என்றால் ஒரே அர்த்தம்தான். வராத மாப்பிள்ளை வீடும் இதே போன்தான், வராத வேலையும் இதே போன்தான். என் நேர்முகப் பரீட்சைக்கு ஹமீது நாநா போயிருக்கிறார். போய் என்னைப் பெயிலாக்கியும் இருக்கிறார். எனக்குப் புரியாணி ஆக்கவும் தெரியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போனேன். நான் கத்தின கத்தலில் பெட்டிகளுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு மனுசி சவூதிக் கோலுக்குக் காசு ஓட ஓட, எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எடுக்கப் போறமெண்டு சொன்னா நான் என்னத்த நினைக்கிற? லொறியில ஏத்தவா எடுக்கப் போறாங்க?" என்றார் ஹமீது நாநா.

"எந்த ஒபிஸெண்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே!"

"தொடக்கத்துல என்னமோ சொன்னாங்க புள்ள. வெளிய உப்பு லொறி போச்சு, கேக்கல்ல. நீ என்னத்துக்கு ஏசுற? உனக்காகச் சொன்ன பொய்யெல்லாம் என்ட சொந்த மகளுக்கே சொன்னதில்ல. நீ நாளாந்தம் என்ட கடைக்கு முன்னால பெல்லடிச்சிக்கிட்டுச் சைக்கிள்ல போறவ. சைக்கிளக் கண்டாப் பயமெண்டு சொல்ல எனக்கு நாக்குக் கூசாதா?"

பெட்டிகளுக்குள் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்கு வேண்டியது எல்லாம் என்னிடம் இருந்தது. அது எல்லாமே கலியாணத்துக்குக் குறையாகவும் இருந்தது. அந்த மனிதர் என் மேலுள்ள பிரியத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார். மிஸ்ஸைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் வேண்டாம் என்று விட்ட பெண் நான் இல்லை. அப்படி ஒரு பெண் வந்து வேலை கேட்டால் நானும் கொடுக்கமாட்டேன்.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஹமீது நாநா எங்கள் வீட்டுக்கு வந்து தானே நடந்ததைச் சொன்னார். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, எங்கள ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல ராத்தா. மாப்புளயே இல்லையே, ஆரு சொல்லுற?"

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்தது. நிவாரண அரிசி வந்த நாளில்கூட எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை. வாப்பாதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"போகாத பரீட்சையில எப்படிப் பெயிலாகுற? பெருநாள் கணக்க விடு. புள்ள இன்னொருக்கா வேலைக்குப் போட்டுப் பார்க்கட்டும். தம்பி, இனிமே ஆரு கேட்டாலும் உள்ளதச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ஹமீது நாநா போனை எடுத்ததும், ஸலாம் சொல்ல முந்தி, "வேலைக்கா, கலியாணத்துக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். தன் உம்மாவுக்குச் சுகமில்லையா என்று விசாரிக்கக் குவைத்திலிருந்து எடுத்தவனிடமும் அதுதான் கேள்வி. சந்தியில் அது ஒரு பகிடியாகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்துப் பையன்கள், "எங்க, வேலைக்கா கலியாணத்துக்கா?" என்பார்கள். எனக்கு ஒரு வருஷமாக எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் யார் வருவார்? ஆனால் வேறொரு கந்தோரிலிருந்து எடுத்தபோது, "வாயிருக்கு, சைக்கிள் இருக்கு, ஒருத்தருக்கும் பயமில்ல" என்று சொல்லியிருக்கிறார். "கோவமும் வரும்" என்று கேட்காமலே சேர்த்திருக்கிறார். கூப்பிட்டார்கள். போனேன். எடுத்தார்கள்.

பிறகு சம்பளத்தில் ஒரு போன் வாங்கினேன். நம்பரைக் கொடுக்க ஹமீது நாநாவிடம் போனேன். கேம்பில் பாதிப் பேரிடம் அதற்குள் போன் வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லை. என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, இனி உன்னக் கேட்டு இங்க ஆரும் எடுக்கமாட்டாங்க."

"மாட்டாங்க, நாநா."

"நீயே பேசப் போற."

"ஓம்."

"மெல்லமாப் பேசு, புள்ள."

நான் மெல்லமாகப் பேசவில்லை. என் வாயால் கிடைத்த வேலையும் உண்டு, என் வாயாலேயே போன வேலையும் உண்டு. கூப்பிடாமலே தள்ளிவிட்ட இடங்களும் எத்தனையோ. கடை எப்போதோ பூட்டியாயிற்று, ஹமீது நாநாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். இப்போது ஓர் இடத்தில் என்னைக் கூப்பிடாவிட்டால், ஏன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போய், வாய் வலிக்கும்வரை ஏசிவிட்டு வர எனக்கு ஓர் ஆள் இருந்தது. இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது.