கிணற்றுக்கு ஒரு பிள்ளை

லுவிங்கு வட்டாரத்தில் "பிரெட்ரிக்!" என்று கூப்பிட்டால் ஐந்து பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆன்டர்ஸ்!" என்றால் மூன்று பேர். எல்லாரும் மரவள்ளியும் சோளக் களியும் தின்று வளர்ந்த பெம்பா இனப் பிள்ளைகள்தான். ஆழ்குழாய்க் கிணறு எந்த ஊரில் தண்ணீர் காட்டுகிறதோ, அந்த ஊரில் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு, இடம் பார்த்துக் கொடுத்த வெளிநாட்டு நிபுணரின் பெயரை வைத்துவிடுவார்கள்.

பத்தொன்பது வருடங்களில் ஆறு நிபுணர்கள் வந்து போய்விட்டார்கள். ஆறு பேருக்கும் கம்பி இழுத்து, முளை அடித்து, அவர்கள் பேச்சை ஊராருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் கபாசோ. அவன் பெயரில் வட்டாரம் முழுக்க ஒரு குஞ்சு கிடையாது.

முதலில் வந்த பிரெட்ரிக்தான் அவனுக்குக் கருவியைக் கற்றுக்கொடுத்தார். நான்கு இரும்பு முளைகளைத் தரையில் அடித்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மீட்டர் சொல்வதைத் தாளில் புள்ளி வைத்துக் கோடாக்க வேண்டும். கோடு எங்கே வளைகிறதோ, அங்கே பாறையில் வெடிப்பும் அதில் தண்ணீரும் இருக்கும். அதற்குப் பின் வந்த ஐந்து பேருக்கும் இந்த மண்ணின் கோட்டைப் படிக்கக் கபாசோதான் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், அறிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள், கிளம்பும்போது எதையாவது கையில் திணித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் மழைக்கோட்டு, ஒருவர் பிளாஸ்க். போன முறை வந்தவர் ஒரு ஜோடி பூட்ஸ். அது அவன் காலுக்குப் பெரியது. போடும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

ஏழாவதாக வந்தவன் ஹால்வர். நார்வேக்காரன், இருபத்தேழு வயது. கபாசோவுக்கு நாற்பத்தெட்டு. இந்தப் பொடியனை "சார்" என்று கூப்பிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். காட்டில் எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் களியைக் கிள்ளித் தின்றான், வறுத்த புழுவை இன்னும் கொஞ்சம் என்று கேட்டான். வெறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் கபாசோ தவித்துப்போனான்.

அந்த வருடம் கிணறு போட வேண்டிய ஊர்களின் பட்டியலில் கசொங்கோலே வந்தது. கபாசோவின் மனைவியின் ஊர். பெம்பா வழக்கப்படி அவன் மகள் கதேபேயும் கல்யாணமாகித் தாய்வழி ஊரான அங்கேயே இருந்தாள், நிறைமாதமாக. முதல் பேரக்குழந்தை.

"இந்தத் தடவை என் பேருதான்," என்றான் மனைவியிடம்.

"பேரு கிடக்கட்டும். எங்க ஊர் பொம்பளைங்க தண்ணிக்கு ஒரு மணி நேரம் நடக்குறாங்க. மொதல்ல அதைப் பாருங்க."

"தண்ணியும் வரும். அதோட என் பேரும் வரும்."

"வெள்ளைக்காரன் மேல உங்களுக்கு இருக்கிற பொறாமையை ஒரு பானையில ஊத்துனா, ஊரே குடிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் கீரையை ஆயப் போய்விட்டாள்.

கசொங்கோலேயில் இறங்கிய அன்றே ஹால்வருக்கு மலேரியா கண்டது. ஜீப்பின் பின்சீட்டில் மூன்று நாள் உதறிக்கொண்டு கிடந்தான். கபாசோ அவனுக்கு மாத்திரை கொடுத்தான், போர்த்திவிட்டான். உள்ளுக்குள்ளே குதூகலமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று நாளும் முளை அடித்தது அவன், மீட்டர் படித்தது அவன், கோடு போட்டது அவன். சிவப்புத் துணி கட்டிய கட்டையைத் தரையில் இறக்கியதும் அவன்தான். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கண்ணுக்கு, ஜீப்பில் படுத்திருந்த வெள்ளைக்காரன் உத்தரவு போட, மருமகன் ஓடியாடி வேலை செய்தான்.

கட்டை அடித்த இடத்தில் துளை போட்டதும் நாற்பது மீட்டர் ஆழத்தில் தண்ணீர் பொங்கி வந்தது. பம்பு பொருத்தி முடித்த நாள் விடியற்காலையில் கதேபேவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

விழாவுக்கு ஊரே கூடியது. பெண்கள் குலவையிட்டார்கள். கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றிப் பெரியவர்கள் உறிஞ்சும் நாணல் குழலோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், வழக்கப்படி மருமகன் முகத்தைப் பார்க்காமல் மாமியார் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஹால்வர் எழுந்தான். பக்கத்தில் கபாசோ நின்றான்.

"இந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை," என்றான் ஹால்வர் ஆங்கிலத்தில். "நான் காய்ச்சலில் கிடந்தேன். எல்லாம் செய்தவர் இவர். இந்தக் கிணறு கபாசோவின் கிணறு."

பத்தொன்பது வருடம் கபாசோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த வார்த்தை. அது வந்துவிட்டது. ஆனால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டியவனும் அவனே.

மாமியார் ஊரில், மாமியார் முன்னால், மருமகன் தன் வாயால் தன்னையே புகழ்வதா? சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஜீப் டிரைவர் ஜெரே ஒருமுறை வேறோர் ஊரில், நிபுணர் வணக்கம் சொன்னதை, "டிரைவருக்கு ஒரு கோழி கொடுக்கச் சொல்றார்" என்று மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டதை வட்டாரமே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

கூட்டம் அவன் வாயையே பார்த்தது.

"கடவுளுக்கும் ஊர்த் தலைவருக்கும் நன்றி சொல்றார்," என்றான் கபாசோ. "தண்ணியைச் சுத்தமா வச்சுக்கச் சொல்றார்."

கை தட்டினார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஜெரேவுக்குப் பொறுக்கவில்லை. அவன் ஙோனி இனத்தான். ஙோனிக்கும் பெம்பாவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. ஒருவரை ஒருவர் என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது.

"அடப்பாவி, குரங்கு தின்னி!" என்று எழுந்து கத்தினான் ஜெரே. "வெள்ளைக்காரர் அதையா சொன்னாரு? ஏ ஊர்க்காரங்களே, இந்தக் கிணத்தைக் கண்டுபிடிச்சதே உங்க மருமகன்தான்! என் அம்மா மேல சத்தியம்!"

ஊரே வெடித்துச் சிரித்தது. ஙோனிக்காரன் பெம்பாக்காரனைப் புகழ்கிறானாம்! இதைவிடப் பெரிய நக்கல் உண்டா? ஊர்த் தலைவர் கள்ளுக்குப் புரையேறி இருமினார். மாமியார் முதுகு குலுங்கியது.

"எலி தின்னி, நல்லா நடிக்கிறடா நீ!" என்று பாராட்டி, ஜெரே கையில் ஒரு கோழியைக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கதேபே குழந்தையோடு குடிசை வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, உங்க பேரைத்தான் வைக்கணும்னு நான் அடம்பிடிச்சேன். 'கிணத்துக்கு உங்கப்பா என்ன பண்ணினார்?'னு பெரியவங்க கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை."

"என்ன பேரு வச்சாங்க?"

"ஹால்வர்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கபாசோ பேரனைக் கையில் வாங்கினான். மூக்கு, நெற்றி, காது மடல், எல்லாம் அவனுடையதே. பெயர் மட்டும் வேறு எவனுடையதோ. ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தால், அந்த ஆளே அந்த வீட்டுக்கு வந்துவிட்டதாகத்தான் பெம்பாக்காரர்கள் நினைப்பு. தன் மகள் வீட்டுக்குள்ளேயே அந்தப் பொடியன் வந்து படுத்துக்கொண்டான். இந்தச் சின்ன மண்டையைத் தடவிக்கொண்டே பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

ஜீப் கிளம்புகிற நேரம் ஹால்வர் அவன் தோளைத் தொட்டான். "உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறானாமே! என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?"

ஸ்டியரிங்கில் இருந்த ஜெரே திரும்பிப் பார்த்தான். கோழி அவன் காலடியில் கொக்கரித்தது.

"கபாசோ," என்றான் கபாசோ.

ஹால்வரின் முகமெல்லாம் மலர்ந்தது. அவன் இரு கைகளாலும் கபாசோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அதுதானே நியாயம்!" என்றான்.