நிலா கீறிய குளிசை உறை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். செங்கலடியில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக மருந்து கட்டுகிறவள் நான். காய்ச்சலில் கண்ட ஆவிகளெல்லாம் இரண்டு குளிசையில் ஓடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் இதை நம்பப் போவதில்லை, தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

போன வெள்ளத்துக்கு மாங்கேணிப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டபோது மருந்து கொடுக்க நானும் போனேன். ஒரு டாக்டர், இரண்டு தாதிமார், நான். வந்த சனத்தில் பாதிப்பேருடைய, மருந்து எழுதிய கிளினிக் கொப்பி வெள்ளத்தோடு போய்விட்டது. என்ன மருந்து பாவித்தீர்கள் என்று கேட்டால் "சின்ன வெள்ளைக் குளிசை மகள்" என்பார்கள். பிரஷருக்கும் சின்ன வெள்ளைதான், சீனி வருத்தத்துக்கும் சின்ன வெள்ளைதான். டாக்டர் சோதித்து எழுதித் தர, நான் எண்ணிக் கடதாசி உறையில் போட்டு, காலைக்கு என்றால் சூரியனும் இரவுக்கு என்றால் நிலாவும் கீறிக் கொடுப்பேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று.

பூரணம் அம்மா அன்று காலையில் வந்தார். அறுபது வயது இருக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கம், வயல் வட்டை ஓரத்தில் தனியே இருக்கிறவர். பிரஷர் என்று டாக்டர் எழுதியிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு ஒருநேரச் சோறுதான் என்று அவர் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்க, நான் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்துக்கொண்டே, "சரி சரி, இரவைக்கு ஒண்டு போடுங்க" என்று எரிந்து விழுந்தேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பின்னேரம் சாமான் கட்டும்போதுதான் கண்டேன், பூரணம் அம்மாவுக்கு எழுதிய பிரஷர் குளிசைப் போத்தல் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. பிரஷர் குளிசையில் அந்த வகை அன்று எழுதப்பட்டது அவருக்கு மட்டும்தான். மழையில் லேபல் கழன்ற பக்கத்துப் போத்தலில் இருந்து சீனி வருத்தக் குளிசையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். சீனி வருத்தம் இல்லாத மனுசி, அரைவயிற்றோடு அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் இரத்தத்தில் சீனி இறங்கி நித்திரையிலேயே உயிர் போகலாம். தட்டி எழுப்பவும் பக்கத்தில் ஆளில்லை.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஏசவில்லை, "ஓடிப் போங்க" என்றார். காலையில் பூரணம் அம்மாவை ஏற்றி இறக்கிய வள்ளக்கார அண்ணனையே பிடித்தேன். இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும், நிலாவைக் கீறியது நான்தானே. வழி முழுக்கக் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன்.

பூரணம் அம்மா வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், திரும்பவும் வந்திட்டீங்க?"

"அம்மா, அந்தக் குளிசையப் போட்டீங்களா?"

"அது எங்க இருக்கு? மத்தியானம் நீங்கதானே வந்து வாங்கிட்டுப் போனீங்க. பிழையான குளிசை தந்திட்டன், சரியான போத்தல் மூடி திறக்காமக் கிடக்கு எண்டு சொன்னீங்களே."

மத்தியானம் நான் மேசையை விட்டு எழும்பவே இல்லை, தாதிமாரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிழை அப்போது எனக்கே தெரியாது. வள்ளக்கார அண்ணன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "காலம இவவ இறக்கினதோட நான் இந்தப் பக்கம் வரல்ல. வேற வள்ளமும் இல்ல" என்றார்.

மனுசிக்கு ஞாபக மாறாட்டம் என்று நினைத்துக்கொண்டு தேடினேன். ஒரு அறை, ஒரு பெட்டி, ஒரு பாய். உறை கிடைக்கவில்லை. சரியான குளிசையைக் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பிழை விடாத மனுசர் ஆரு மகள்" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோசத்தில் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

வள்ளம் ஏறும்போது கரைவரைக்கும் வந்தார். அப்பாவின் செத்தவீட்டில்கூட அழாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர், அது அவருக்குத் தெரியாது.

"ஒண்டு கேக்கணும் மகள். இப்ப இவ்வளவு சிரிக்கிறீங்க. மத்தியானம் மட்டும் ஏன் என்ட முகத்தத் தடவித் தடவி அப்பிடி அழுதீங்க, செத்த ஆள் எழும்பி இருந்த மாதிரி?"

நான் வள்ளத்தில் ஏறிக் குந்தினேன். இப்போது பூரணம் அம்மா மாதம் ஒருமுறை கடைக்கு வந்து என் கையால்தான் குளிசை வாங்குவார். எவ்வளவு சனம் நின்றாலும் நான் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவரும் உறையை வாங்குமுன் என் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்க்கிறார், வந்தது இவள்தானா என்று.